பீரோவில் ஏழு டை

"மாணவர்களிடம் ஆர்வம் குறைவு."
ஆண்டறிக்கையில் போன வருடச் செயலாளர் எழுதியது.
அதற்கு முந்தையவரும் அதையேதான்.
பேனா மட்டும் நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறியிருக்கிறது.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே
வயலை நிரவிக் கட்டிய எங்கள் மேலாண்மைக் கல்லூரியில்
வேலைவாய்ப்பு மன்றத்துக்கு ஓர் அறை,
அறைக்குள் ஒரு பீரோ, பீரோவுக்குள் ஏழு டை.
நேர்முகத்துக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போய்
துவைக்காமல் கொண்டுவந்து வைப்பார்கள்.
ஒன்றில் சாம்பார் கறை.
அதுதான் ராசியானது என்று அதற்கு அடிதடி.

நான் பொறுப்பேற்றதும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
வருகைப் பதிவேட்டை அறைக்கு எடுத்துப் போய்ப் படித்தேன்.
மூன்று வருடம், சுற்றிச் சுற்றிப் பதினோரு பெயர்.
பதினொன்றும் விடுதி. அதில் ஒன்று நான்.
கூட்டம் ஐந்தரைக்கு.
வடுவூருக்கும் கூத்தாநல்லூருக்கும் கோட்டூருக்கும்
கல்லூரிப் பேருந்துகள் கிளம்புவது ஐந்து பத்துக்கு.
ஆர்வம் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து
பையை மடியில் வைத்துக்கொண்டு
எங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு மாற்றினேன்.
"ரசம் வாசனையில் தலைமைப் பண்பா?" என்றார் கலியபெருமாள் சார்.
முதல் நாள் நாற்பத்திரண்டு பேர்.
டிபன் மூடிகளின் சத்தத்துக்கு மேலே
"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கத்தினேன்.
மெஹ்ராஜ் பானு எழுந்தாள்.
பெயர் சொன்னாள். அப்புறம் நெட்டில் எடுத்த நாலு வரி:
கடின உழைப்பாளி, குழுவாக இயங்குவேன்,
சவாலை விரும்புகிறேன்.
அடுத்தவனும் கடின உழைப்பாளி.
அவனுக்கு அடுத்தவளும் சவாலை விரும்பினாள்.
நாற்பத்திரண்டு பேரும் ஒரே ஆள்;
குழம்பு மட்டும்தான் வேறு வேறு.

சுவரில் ஏற்கெனவே ஒரு பலகை உண்டு, வென்றவர்களுக்கு.
கோட்டு மாட்டிய பன்னிரண்டு முகம்.
நால்வர் ஆறே மாதத்தில் திரும்பிவிட்டார்கள்.
ஒருவர் பந்தலடியில் செல்போன் கவர் விற்கிறார்,
போட்டோவை எடுத்துவிடச் சொல்லி இரண்டு தடவை வந்தார்.

அதன் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்டினேன்.
கிடைக்காதவை.
எந்த ஊர், எந்தச் சுற்று, என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன்.
முதல் சீட்டு என்னுடையது:
திருச்சி. இரண்டாம் சுற்று.
"எதற்காக இந்த வேலை?"
"சம்பளத்துக்கு, சார்."
மறுநாள் அதன் கீழே பென்சிலில்:
"எனக்கும் இதே கேள்வி. பொய் சொன்னேன்.
அதுவும் போச்சு."

திருமேனியின் சீட்டில் இரண்டே வார்த்தை.
"அனுபவம்? இல்லை."
சம்பா அறுப்பில் மிஷினுக்கு மணிக்கணக்கு எழுதி,
டீசல் கழித்து, பாக்கி வசூலித்து,
ஈரப்பதம் பதினேழைத் தாண்டிவிட்டது என்று
கொள்முதல் நிலையத்தில் மூட்டையை ஒதுக்கினால்
தார்ப்பாயோடு இரவெல்லாம் காவல் கிடந்தவன்.
யாரோ அந்த "இல்லை"யைச் சிவப்பில் சுழித்து
எழுதியிருந்தார்கள்:
"அப்ப தை மாசம் முழுக்க யாருடா நீ?"

ஆய்வுக்குழு வந்த அன்று
பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னார் சார்.
திருப்பினோம்.
சுவருக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு கை நுழையும் சந்து இருந்தது.
சாயங்காலம் நிமிர்த்தினால்
மூன்று புதுச் சீட்டு.

இந்த வருடம் வேலை கிடைத்தவர்கள் ஆறு பேர்.
போன வருடமும் ஆறுதான்.
அறிக்கையில் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு
"பஸ் நேரத்தை நாங்கள் பார்க்கவில்லை" என்று எழுதினேன்.
இது அறிக்கை மொழி இல்லையாம், திரும்பி வந்திருக்கிறது.

மெஹ்ராஜ் பானு நாளைக் காலை தஞ்சாவூர் போகிறாள்.
நாலு வரியையும் கிழித்துப் போட்டாயிற்று.
பதிலுக்கு என்ன சொல்வாய் என்றேன்.
"எழுந்து நின்னப்புறம் பார்க்கலாம்" என்று
பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஏழு டையையும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.
சாம்பார் கறை போகவில்லை.